அந்தமானில் ஆறு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

2024 நவம்பர் 9, காலை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணா, ஜனவரி 25 முதல் 31 வரை அந்தமான் போறோம். நான், அவர், 8 வயசுப் பொண்ணு, மாமியார். யாருக்கும் நீச்சல் தெரியாது. அத்தைக்கு முட்டி வலி. ஏஜென்ட் கொடுத்த பட்டியல்ல 14 இடம் இருக்கு. எல்லாத்தையும் பார்த்துடலாமா? வேற எதையாவது சேர்க்கணுமா?"

சேர்க்க வேண்டாம். பாதிக்கு மேல அடிங்க.

நான் நாலு தடவை போயிருக்கேன். சித்தப்பா குடும்பம் போர்ட் பிளேயர்ல முப்பது வருஷமா இருக்கு. 2009-ல முதல் தடவை, கப்பல்ல. அப்புறம் 2016-ல மனைவி, மகளோட. 2022, 2023-ல மறுபடி. 2016-ல உங்க பட்டியல் மாதிரியே ஒண்ணை வச்சுக்கிட்டு ஓடினோம். நாலாம் நாள் ஃபெர்ரியில என் பொண்ணு, "அப்பா, இன்னைக்காவது ஒரு இடத்துல மணல்ல வீடு கட்டி முடிக்கலாமா?"ன்னு கேட்டா. மூணு கடற்கரையில வீடு கட்ட ஆரம்பிச்சா, மூணுலயும் வண்டிக்காரர் ஹாரன் அடிச்சுட்டார். அவ கேட்டது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

என் கணக்கு இதுதான். போர்ட் பிளேயர்ல ரெண்டு ராத்திரி, ஹேவ்லாக் தீவுல ரெண்டு, நீல் தீவுல ஒண்ணு, கடைசி ராத்திரி திரும்ப போர்ட் பிளேயர். பாராடாங் தீவுக்குப் போற நாளை எடுத்துடுங்க. ஏன்னு தனியா எழுதறேன், அது ரெண்டு வரியில முடியாது.

நவம்பர் 9, இரவு

பேர் விஷயம் ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. ஹேவ்லாக் 2018 டிசம்பர்லேருந்து ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப், ராஸ் தீவுக்கு நேதாஜி பேர். போர்ட் பிளேயரை 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்தியாச்சு. டிக்கெட்ல புதுப்பேர், ஆட்டோக்காரர் வாயில பழைய பேர். ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி வச்சுக்குங்க. நான் பழக்கத்துல பழைய பேரையே எழுதறேன்.

நவம்பர் 12

ரெண்டு பேர் "எந்தக் கடற்கரை அழகு?"ன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி "எத்தனை மணிக்கு?"ன்னு கேட்கணும். எனக்கு அது புரிய ஏழு வருஷம் ஆச்சு.

கடல் அங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் அதிகம், வத்துறதும் அதிகம். போர்ட் பிளேயர் பக்கம் அந்த நாட்கள்ல வித்தியாசம் ரெண்டு மீட்டர் கிட்ட வரும். அஷ்டமி, நவமி வாக்குல அதுல பாதி கூட இருக்காது. சென்னையில, தூத்துக்குடியில கடலைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது கண்ணுல படாது, ஏன்னா நம்ம கரையில இந்த ஏத்த இறக்கம் ரொம்பக் கம்மி. அங்க போனா காலையில படகு மிதந்த இடத்துல சாயங்காலம் பாறையும் நண்டும்தான் இருக்கும்.

2016-ல நீல் தீவுல இயற்கைப் பாலம் பார்க்கப் போனோம். ஹவுரா பாலம்னு அங்க சொல்வாங்க, நீல்ல பெரும்பாலும் கிழக்கு வங்கத்துலேருந்து வந்து குடியேறின குடும்பங்கள், அவங்க வச்ச பேர். கடல் அரிச்சு அரிச்சு வளைவா நிக்கிற பாறை. வத்தின நேரத்துல அதுக்குப் போற வழி முழுக்கச் சின்னச் சின்னக் குட்டை, அதுக்குள்ள கடல் அட்டை, நண்டு, நீல நட்சத்திர மீன், சாமந்திப்பூ மாதிரி விரியுற கடல் சாமந்தி. நாங்க பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்குப் போய் நின்னோம். தண்ணி நெஞ்சளவு. பாலத்தைத் தூரத்துலேருந்து பார்த்துட்டு, போட்டோ எடுத்துட்டுத் திரும்பினோம். அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வந்திருந்தா நடந்தே போயிருக்கலாம்னு பக்கத்து இளநீர்க்கடை அம்மா சொன்னாங்க. நாலு மணிக்கு எங்க ஃபெர்ரி கிளம்பிருச்சு.

அதனால முதல் வேலை, டைட் டேபிள், அதாவது கடல் ஏறி வத்துற நேரப் பட்டியல் ஒண்ணு எடுங்க. போன்லயே கிடைக்கும், போர்ட் பிளேயர்னு போட்டாப் போதும். டிக்கெட்டுக்கு முன்னாடி இதைப் பாருங்க. கடற்கரை காத்துக்கிட்டு இருக்கும், கடல் காத்திருக்காது.

நவம்பர் 12, கொஞ்சம் கழிச்சு

சூரியனும் அப்படித்தான். கல்கத்தாவுக்கும் கிழக்கே இருக்குற தீவு, கடிகாரம் மட்டும் நம்ம கடிகாரம். ஜனவரிக் கடைசியில சாயங்காலம் 5.20-க்கெல்லாம் சூரியன் இறங்கிடும். ஆறு மணிக்கு இருட்டு. மே மாசம்னா காலை அஞ்சுக்கே விடிஞ்சிடும். "மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு நாலரைக்குக் கிளம்பலாம்"னு நினைச்சா நாள் போச்சு. பொண்ணை ராத்திரி எட்டரைக்குத் தூங்க வையுங்க, அஞ்சரைக்கு எழுப்புங்க. ரெண்டாம் நாளே பழகிடும்.

நவம்பர் 13

நீச்சல் தெரியாதவங்க என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு.

ஸ்நார்க்கலிங் பண்ணலாம், மூச்சுக் குழாயை வாயில வச்சு மேலேயே மிதந்து கடலுக்குள்ள பார்க்குறது. ஹேவ்லாக் படகுத்துறையிலேருந்து படகுல எலிஃபன்ட் பீச் போனா, லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, அந்தத் தம்பிகளே இழுத்துக்கிட்டுப் போவாங்க. நீங்க முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு வாயால மூச்சு விடணும், அவ்வளவுதான். முதல் ரெண்டு நிமிஷம் பயம் வரும். வாயால மூச்சு விடுறதை வீட்டுலேயே ஒரு பக்கெட் தண்ணியில பழகிட்டுப் போங்க, பொண்ணுக்கும் பழக்குங்க. என் பொண்ணு அப்படித்தான் பழகினா. கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம் கேட்டு வெளிய வந்து, "அப்பா, முறுக்கு திங்கிற சத்தம்!"னு கத்தினா. அந்த மீன் பவளத்தைக் கடிச்சு அரைச்சுப் பின்னால விடுறதுதான் வெள்ளை மணல்ல ஒரு பங்குன்னு கூட வந்த தம்பி சொன்னப்ப அவ சிரிச்சதை இன்னும் நினைச்சுப்பேன்.

காத்து உருளையை மாட்டிக்கிட்டு ஆழத்துல முங்குற ஸ்கூபாவுக்கும் நீச்சல் கட்டாயமில்லை, கூட ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே வருவார். ஆனா 10 வயசு ஆகணும், அதனால உங்க பொண்ணுக்கு இந்தத் தடவை இல்லை. ஆஸ்துமா, காதுப் பிரச்சினை, இருதய மருந்து எதுவா இருந்தாலும் படிவத்துல மறைக்காம எழுதுங்க. இறங்கும்போது மூக்கைப் பிடிச்சு மெல்ல ஊதி காதைத் திறக்கணும். வலிச்சா உடனே கையால சைகை காட்டுங்க, வெட்கப்படாதீங்க. ஒரு தடவை முங்கினாலே அடுத்த விமானத்துக்கு 12 மணி நேரம் இடைவெளி வேணும், பல தடவைன்னா 18. அதனால கடைசி நாள்ல வைக்காதீங்க. சில கடைகள்ல இதைச் சொல்றதே இல்லை. 2022-ல என்கிட்ட ஒரு கடையில, "காலையில முங்கிட்டு மதியம் ஃபிளைட் பிடிக்கலாம் சார்"னு சொன்னாங்க. நான் எழுந்து வந்துட்டேன்.

பவளத்தைத் தொடாதீங்க, மேல நிக்காதீங்க. பாறைன்னு பேர் வச்சுட்டோம், ஆனா அது உயிர். உருண்டையா இருக்குற வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுல வளரும். 2016-ல பயத்துல நான் ஒண்ணு மேல கால் ஊணிட்டேன். பாதம் கிழிஞ்சது பத்து நாள்ல ஆறிடுச்சு. உடைஞ்சது என் கை நீளம் இருக்கும். 2010-ல கடல் சூடாகி அங்க பவளம் நிறைய வெளுத்துச் செத்தது, 2016-லயும் வெளுத்தது. மீண்டு வர்றதை நம்ம கால் கெடுக்கக்கூடாது. முழுக்கை நீச்சல் சட்டை ஒண்ணு வாங்கிக்குங்க, வெயிலுக்கும் அது போதும், கிரீம் அதிகம் பூச வேண்டியிருக்காது.

நவம்பர் 20

பாராடாங். தள்ளிக்கிட்டே வந்தேன், எழுதிடறேன்.

சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டுக்குள்ள படகு, எல்லாம் உண்மை, எல்லாம் அழகு. ஆனா போர்ட் பிளேயர்லேருந்து தரைவழியாப் போகணும்னா ஜாரவா பழங்குடி மக்களோட காட்டுக்குள்ள போற சாலையிலதான் போகணும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில விடியக்காலையில வண்டிகளை வரிசையா நிறுத்தி, காவலோட ஒண்ணா விடுவாங்க. நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, போட்டோ கூடாது.

2009-ல நான் போனேன். எங்க வண்டியில பன்னெண்டு பேர். குகையைப் பத்தி ஒருத்தரும் பேசலை. "வருவாங்களா, தெரிவாங்களா"ன்னு ரெண்டு பக்கமும் ஜன்னல்ல முகத்தை ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. நானும்தான். ஒரு வளைவுல ஒரு அம்மாவும் இடுப்புல குழந்தையும் நின்னாங்க. முன்சீட்டுல இருந்தவர் பிஸ்கட் பாக்கெட்டை வெளிய எறிஞ்சார். அந்த அம்மா அதை எடுக்கலை. எங்களைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. வண்டி போயிடுச்சு. குகைக்குள்ள என்ன பார்த்தேன்னு இன்னைக்கு எனக்குச் சரியா ஞாபகமில்லை, அந்தப் பார்வை மட்டும் போகலை. நான் வாய் திறந்து அந்த ஆளை எதுவும் சொல்லலைங்கிறதும் போகலை.

பல ஆயிரம் வருஷமா அங்க இருக்குற, இன்னைக்குச் சில நூறு பேரே உள்ள மக்கள். 1997, 98 வாக்குலதான் அவங்களா வெளிய வந்து பழக ஆரம்பிச்சாங்க. நம்ம சளியும் அம்மையும் அவங்களுக்குப் புதுசு. 2002-லயே அந்தக் காட்டுக்குள்ள போற சாலையை மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை இன்னும் ஓடுது. 2012-ல சாப்பாட்டைக் காட்டி ஆடச்சொன்ன வீடியோ வெளிய வந்து நாடே பார்த்தது.

வடக்குல வேலை செய்றவங்க, மருத்துவமனைக்கு வர்றவங்க அந்த ரோட்டுலதான் போயாகணும், அவங்களைச் சொல்லலை. நமக்கு அவசியம் எதுவும் இல்லை. அந்த நாளை விட்டுடுங்க.

நவம்பர் 21

ஒருத்தர் "நாங்க போனப்ப யாரையும் பார்க்கலை, குகைக்குத்தான் போனோம், இதுல என்ன தப்பு?"ன்னு கேட்டிருக்கார். நீங்க நல்ல எண்ணத்தோட போனீங்கங்கிறதை நம்பறேன். உங்க வீட்டுக் கூடத்து வழியா தினம் நூறு வண்டி போச்சுன்னா, அதுல எத்தனை பேர் உங்களைத் திரும்பிப் பார்த்தாங்கன்னு எண்ணுவீங்களா? என் நிலையை நான் மாத்திக்கலை.

டிசம்பர் 2

கப்பலைப் பத்திக் கேட்ட தம்பிக்கு. உங்களுக்கு லீவு இருந்தா, ஒரு வழியாவது கப்பல்ல போங்க. சென்னையிலேருந்து மூணு நாள் ஆகும், 60 மணி நேரத்துக்கு மேல. 2009-ல பங்க் வகுப்பு, கீழ்த்தளம், வரிசையா கட்டில், எஞ்சின் சத்தம் ராத்திரி முழுக்க. முதல் நாள் வாந்தி. ரெண்டாம் நாள் மேல்தளத்துல நின்னப்ப பறக்கும் மீன் கூட்டம், வெள்ளி ஊசி எறிஞ்ச மாதிரி. கூட வந்தவங்க பாதிப் பேர் சுற்றுலாக்காரங்க இல்லை. ராமநாதபுரம், மதுரைப் பக்கம் சொந்த ஊருக்குக் கல்யாணத்துக்கு வந்துட்டு வீடு திரும்புறவங்க. ஒரு பாட்டி அஞ்சு கிலோ கருப்பட்டியும் ஒரு முருங்கைப் போத்தும் கொண்டு போனாங்க. "அங்க மண்ணுல எது வச்சாலும் வரும், ஆனா ருசி இதுல வர்ற மாதிரி வராது"ன்னாங்க.

போர்ட் பிளேயர்ல தமிழ் பேசியே ஒரு நாளை ஓட்டிடலாம். சித்தப்பா வீட்டுப் பக்கம் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பாங்க. பர்மாவுலேருந்து வந்தவங்க, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு நாடும் போட்ட சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலேருந்து வந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துல இறக்கப்பட்டவங்கன்னு தமிழர் கதையே அங்க தனியா ஒண்ணு இருக்கு. கச்சால் நிக்கோபார்ல இருக்கு, நாம போக முடியாது. அவங்க சொந்தக்காரங்க போர்ட் பிளேயர்ல இருக்காங்க. டீக்கடையில பேச்சுக் கொடுங்க.

டிசம்பர் 14

தங்கச்சி, ஒரு திருத்தம். முக்கியமான திருத்தம்.

நீல்ல காலையில இயற்கைப் பாலம், சாயங்காலம் பரத்பூர் கடற்கரைன்னு உங்களுக்குத் தனியா எழுதிக் கொடுத்திருந்தேன். தேதியைப் பார்க்காம எழுதிட்டேன். டைட் டேபிளை எல்லாருக்கும் எடுக்கச் சொல்லிட்டு நானே எடுக்கலை, மன்னிச்சுக்குங்க. இப்ப எடுத்துப் பார்த்தேன். நீங்க நீல்ல இருக்கப்போற ஜனவரி 29 அமாவாசை. அங்க அமாவாசையை ஒட்டின நாட்கள்ல காலை ஒன்பதரை, பத்து வாக்குல கடல் நிறைஞ்சு நிக்கும், சாயங்காலம் மூணரை, நாலுக்கு வத்தும். அப்படியே திருப்பிப் போடுங்க.

28 ராத்திரி ஹேவ்லாக்ல தங்குறீங்க, 29 காலை முதல் ஃபெர்ரியில நீல். இறங்கினதும் பக்கத்துலதான் பரத்பூர். நிறைஞ்ச கடல், அலை கிடையாது, குளம் மாதிரி இருக்கும். சாயங்காலம் வத்தினப்புறம் அங்க படகே வர முடியாது. மதியம் மூணுக்குப் பாலம். வந்த வழியிலேயே லக்ஷ்மண்பூர் கடற்கரையில சூரியன் இறங்குறதைப் பாருங்க. அத்தையைப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, வழி முழுக்க வழுக்குப் பாறை, முட்டி வலிக்கு ஆகாது. இளநீர்க்கடையில உட்கார வையுங்க.

ஹேவ்லாக்லயும் அதே கணக்கு. எலிஃபன்ட் பீச்சுக்குக் காலையில போனா பவளத்துக்கு மேல தண்ணி நிறைய இருக்கும், காலும் இடிக்காது, வெளிச்சமும் நேரா விழும். ராதாநகருக்கு மதியம் மேல. கடல் உள்வாங்கி மணல் பாய் விரிச்ச மாதிரி கிடக்கும், பின்னால பெரிய பெரிய மரங்க. 2004-ல டைம் பத்திரிகை ஆசியாவுலேயே சிறந்த கடற்கரைன்னு எழுதினது. அதெல்லாம் தெரியாம போனாலும் அங்க எழுந்து வர மனசு வராது. அன்னைக்கு வேற எதையும் போடாதீங்க.

டிசம்பர் 14, மறுபடி

இப்பத்தான் மண்டையில ஏறுது. ஜனவரி 29 வெறும் அமாவாசை இல்லை, தை அமாவாசை.

டிசம்பர் 16

தங்கச்சி பதில் போட்டிருக்காங்க. அத்தை இதைத்தான் ஒரு மாசமா முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்களாம்: "தை அமாவாசைக்கு ஊர்ல இல்லாமப் போறோமே, ஆத்துல முங்க முடியாதே, அவருக்குத் தண்ணி இறைக்க ஆளில்லையே"ன்னு. மாமா போய் மூணு வருஷமாம். பட்டியல்ல இதுக்கு இடமே இல்லைன்னு அவங்க வாய் திறந்து கேட்கலை.

29 காலை பரத்பூர்ல முங்கச் சொல்லுங்க. மகன் எள்ளும் தண்ணியும் விடட்டும். கொஞ்சம் எள்ளை ஊர்லேருந்தே முடிஞ்சு எடுத்துட்டுப் போங்க. இலை, பூ, பிளாஸ்டிக் எதையும் கடல்ல விட வேண்டாம், அங்க பவளம் கரைக்குப் பக்கத்துலேயே இருக்கு. ராமேஸ்வரத்துல முங்கினாலும் இதே வங்கக்கடல் பக்கம்தான், நாம எதிர்க்கரைக்குப் போயிருக்கோம். இது என் எண்ணம், சாஸ்திரம் தெரிஞ்சவங்க வேற மாதிரி சொல்லலாம்.

டிசம்பர் 17

அமாவாசையில இன்னொண்ணும் இருக்கு. தண்ணி மின்னுறது. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள், தண்ணி கலங்கினா நீலமா ஒளி விடும். நிலா இருந்தா தெரியாது, இருட்டு வேணும். 2023-ல ஹேவ்லாக்ல ராத்திரி ஒன்பது மணிக்கு, தங்குன இடத்துக்குப் பின்னால முழங்கால் ஆழத்துல கையை வீசினேன். விரல்லேருந்து பொறி பறந்தது. கயாக்னு சின்னத் துடுப்புப் படகுல கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்க. அலையாத்திக்குள்ள ராத்திரி துடுப்புப் போடுறது நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு வேண்டாம். 28 ராத்திரி கரையில நின்னு டார்ச்சை அணைச்சுட்டுக் கையை விட்டுப் பாருங்க. தினமும் ஒரே மாதிரி தெரியாது, பொண்ணுக்கு உறுதி கொடுத்துடாதீங்க.

2025 ஜனவரி 4

சின்ன விஷயங்கள், சேர்த்து.

மணல் ஈ. கொசுவை விடச் சின்னது, கடிக்கும்போது தெரியாது, ஒரு வாரம் அரிக்கும். ஈர மணல்ல நேரா உட்காராதீங்க, விரிப்பு போடுங்க, சாயங்காலம் கால்ல தேங்காய் எண்ணெய் தடவுங்க. சொறியாதீங்க.

முதலை. உப்புநீர் முதலை அங்க உண்டு. 2010-ல ராதாநகர் பக்கத்துல ஒதுக்கமான கடல்ல ஒரு சுற்றுலாப் பயணியைக் கொன்னது. பயந்து பயணத்தை நிறுத்த வேண்டாம். ஓடை கடல்ல சேருற இடம், அலையாத்தி ஓரம், எச்சரிக்கைப் பலகை உள்ள இடம், இதுல எதுலயும் இறங்காதீங்க. உயிர்காப்பாளர் நிக்கிற இடத்துல, அவர் சொல்ற எல்லைக்குள்ள குளிங்க.

சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் எடுக்காதீங்க. செத்துக் கிடந்தாலும்தான். 1972 வனவிலங்குச் சட்டத்துல பவளத்துக்கு உச்சப் பாதுகாப்பு, விமான நிலையத்துல பையைத் திறந்து எடுப்பாங்க. 2016-ல என் பொண்ணு பைக்குள்ள ஒரு சங்கு வச்சிருந்தது எனக்குத் தெரியாது. அந்த அதிகாரி அவளைத் திட்டலை. குனிஞ்சு, "இது இல்லைன்னா துறவி நண்டு எங்க குடியிருக்கும்?"னு கேட்டார். அவளே எடுத்துக் கொடுத்தா. இன்னைக்கு வரைக்கும் எந்தக் கடற்கரையிலயும் அவ சிப்பி பொறுக்குறதில்லை.

ரொக்கம் கையில வச்சுக்குங்க. சென்னையிலேருந்து கடலடிக் கேபிள் 2020-ல வந்தப்புறம் இணையம் எவ்வளவோ பரவாயில்லை, ஆனா நீல்ல நம்பி இருக்காதீங்க.

ஜனவரி 10

சாப்பாடு. சூரை, சங்கரா, வஞ்சிரம், நண்டு. எதுவும் அன்னைக்குப் பிடிச்சதான்னு கேட்டு வாங்குங்க. கிளிமீனைத் தட்டுல வச்சா வேண்டாம்னு சொல்லுங்க. அது பாசியை மேய்ஞ்சாத்தான் பவளம் மூச்சு விடும். அத்தை சைவம்னா கவலை இல்லை, போர்ட் பிளேயர்ல இட்லி கிடைக்கும், நீல்ல காய்கறி அங்கேயே விளையுது. மத்தத் தீவுக்கே அங்கேருந்துதான் காய் போகுது.

ஜனவரி 22

கிளம்ப மூணு நாள் இருக்கு. போர்ட் பிளேயர் பத்தி நான் சரியா எழுதவே இல்லை.

செல்லுலார் சிறைக்கு ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க. 26 குடியரசு நாள், திறந்திருக்குமான்னு முன்னாடியே விசாரிங்க. 1896-ல கட்ட ஆரம்பிச்சு 1906-ல முடிஞ்சது. நடுக் கோபுரத்துலேருந்து ஏழு சிறகு, சைக்கிள் சக்கரத்து ஆரம் மாதிரி. இப்ப நிக்கிறது மூணு. ஒரு சிறகோட அறை வாசல் அடுத்த சிறகோட முதுகைப் பார்த்து இருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதியோட முகத்தைப் பார்த்துடக் கூடாதுன்னே அப்படிக் கட்டினது. இதை உங்க பொண்ணுக்குச் சொல்லிட்டு, அவளை ஒரு அறைக்குள்ள நிக்க விட்டு, நீங்க அடுத்த அறையில நின்னு பேசிப் பாருங்க. என் பொண்ணு ஒரு நிமிஷத்துல வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. செக்கு இழுக்குற சிலை முன்னால போட்டோ வேண்டாம்னு அவளே சொன்னா.

ராஸ் தீவுக்கு அத்தையைக் கண்டிப்பாக் கூட்டிட்டுப் போங்க, பேட்டரி வண்டி உண்டு. ஒரு காலத்துல ஆங்கிலேயர் அதிகாரம் முழுக்க அந்தச் சின்னத் தீவுல இருந்தது. 1941 நிலநடுக்கம், அடுத்த வருஷமே ஜப்பான்காரங்க வந்தது, அத்தோட முடிஞ்சது. இன்னைக்குத் தேவாலயத்துச் சுவரை ஆலவேர் பிடிச்சு நிக்குது, மான் வந்து கையை மோந்து பார்க்குது.

பழைய சிவப்பு 20 ரூபா நோட்டு இருந்தா எடுத்துட்டுப் போங்க. அதுல இருக்குற தென்னையும் கடலும் மவுன்ட் ஹேரியட் குன்றுலேருந்து பார்க்குற காட்சி. பொண்ணுக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 6

வந்துட்டாங்க. நீளமா எழுதியிருக்காங்க. எனக்கு நிறைவா இருக்கு.

14-ல 6 இடம்தான் பார்த்தாங்களாம். ராதாநகர்ல பொண்ணு மணல் வீடு கட்டி முடிச்சா. 28 ராத்திரி தண்ணி மின்னலை. மறுநாள் நீல்ல, எதிர்பார்க்காத நேரத்துல, படகுத்துறைப் பக்கம் கொஞ்சமா மின்னியிருக்கு. எலிஃபன்ட் பீச்ல தங்கச்சி தண்ணிக்குள்ள முகத்தை வைக்கவே பத்து நிமிஷம் ஆச்சாம், அப்புறம் வெளிய வரமாட்டேன்னுட்டாங்களாம். ஃபெர்ரி ஒரு நாள் ரெண்டு மணி நேரம் தாமதம், அன்னைக்குப் பட்டியல்ல எதுவும் இல்லாததால யாருக்கும் கோபம் வரலை.

தை அமாவாசைக் காலை பரத்பூர்ல இடுப்பளவு தண்ணியில அத்தை மூணு முங்கு. மகன் எள்ளு விட்டிருக்கார். பக்கத்துல நின்ன ஒரு வங்காள அம்மா என்ன செய்றீங்கன்னு சைகையில கேட்டு, தெரிஞ்சதும் தானும் கை குவிச்சு நின்னாங்களாம்.

என் டிசம்பர் 14 குறிப்புல ஒரு வரியைத் திருத்திப் படிங்க. அத்தையை இளநீர்க்கடையில உட்கார வைக்கச் சொல்லியிருந்தேன். மூணு மணிக்குக் கடை வரைக்கும் போனவங்க, "நானும் வர்றேன்"னு எழுந்துட்டாங்களாம். உள்ளூர் வழிகாட்டி ஒரு பையன், கையில ஒரு கம்பைக் கொடுத்து, குட்டை குட்டையா, பாறை பாறையா, அரை மணி நேரம் எடுத்துக் கூட்டிட்டுப் போயிருக்கான். பாலத்துக்கு அடியில ஒரு கல்லுல உட்கார்ந்து, குட்டைக்குள்ள கடல் அட்டையைப் பார்த்துட்டு, "இதுக்கு வாய் எந்தப் பக்கம்டா?"ன்னு கேட்டாங்களாம். அவன் காட்டியிருக்கான். தண்ணி திரும்ப ஏற ஆரம்பிச்சப்புறம்தான் எழுந்திருச்சாங்களாம்.

வழிகாட்டியோட, பிடியுள்ள ரப்பர் செருப்போட, வத்துறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சா, முட்டி வலி உள்ளவங்களும் மெதுவாப் போகலாம். ஆனா ஏறுற தண்ணிக்கு முன்னாடி திரும்ப அரை மணி வேணும், அதையும் கணக்குல வையுங்க.